நந்தனார் சரித்திரமும் எங்கள் கட்டுரை வகுப்பும்

கட்டுரை நோட்டுகளைத் திருத்துவது தமிழாசிரியைக்கு மட்டுமே வாய்த்த தவம். 'நான் போற்றும் பெரியார்' என்று தலைப்புக் கொடுத்தால், ஏழ்மையில் பிறந்தார், கல்வியில் சிறந்தார், இன்றும் நம் நெஞ்சில் நிலைத்து நிற்கிறார் என்று நாற்பத்திரண்டு நோட்டுகளிலும் ஒரே வரி வந்து நிற்கும். பெயரை மாற்றிவிட்டால் அது காமராசருக்கும் பொருந்தும். அன்னை தெரேசாவுக்கும் பொருந்தும். அன்னை தெரேசா வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர் என்பது அந்த வரிக்குத் தெரியாது. எழுதிய மாணவிக்கும் தெரியாது. வழிகாட்டி நூல் சொன்னது, கை எழுதியது.

இதற்கு என்ன மருந்து என்று பல நாள் யோசித்தபின், மேல்நிலை முதலாண்டு மாணவியருடன் ஒரு பருவம் முழுவதும் ஒரே நூலைப் படிப்பது என்று முடிவு செய்தேன். அது பாடுவதற்கென்றே எழுதப்பட்ட நூலாகவும், பழைய வரலாறு ஒன்றைத் தன் காலத்துக்கு ஏற்ப மாற்றிச் சொன்ன நூலாகவும் இருக்க வேண்டும். அப்படித் தேர்ந்ததுதான் கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'. அந்த வகுப்பில் நடந்ததை நம் ஆண்டு மலரில் எழுதுமாறு தலைமைச் சகோதரி அவர்கள் பணித்தார்கள். பெற்றோர் சிலர், "கத்தோலிக்கப் பள்ளியில் சைவ நாயன்மார் கதை எதற்கு?" என்று கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கும் என்று நம்புகிறேன்.

முதல் நாள் நூலைத் திறக்கவேயில்லை. கரும்பலகையில் 'திருநாளைப்போவார்' என்ற ஒரு பெயரை மட்டும் எழுதினேன். இவர் நாயன்மார்களுள் ஒருவர், ஆதனூரில் வாழ்ந்தவர், தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட குலத்தில் பிறந்தவர், தில்லைக்கு 'நாளைப் போவேன்' என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்ததால் இப்பெயர் பெற்றார். இவ்வளவுதான் சொன்னேன். "ஏன் நாளை? இன்றே ஏன் போகவில்லை? அரைப் பக்கம் எழுதுங்கள்" என்றேன்.

அந்த அரைப் பக்கங்களில் வழிகாட்டி நூலின் வாடை இல்லை. கையில் காசில்லை என்று ஒருத்தி எழுதினாள். வீட்டில் தாய் நோயாய்க் கிடந்தாள் என்று மற்றொருத்தி. தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று எழுதிய பெண், தன் சொந்தக் கதையை எழுதியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். பின் வரிசையில் இருந்து ஒரு நோட்டு வந்தது. அதில் மூன்றே வரி. போனால் வெளியே நிறுத்திவிடுவார்கள், போகாமல் இருந்தால் ஒருநாள் உள்ளே போகலாம் என்ற எண்ணமாவது மிஞ்சும், ஆகையால் நாளை. இந்த மாணவியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் இந்தக் கதை வளர்ந்த வழியைப் பார்த்தோம். சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் இவரை ஒரே அடியில் பெயர் சொல்லி வணங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பின்னர் நம்பியாண்டார் நம்பி அதை ஒரு பாடலாக்குகிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதையே ஒரு தனிப் புராணமாக விரிக்கிறார். அப்போதும் நாற்பது பாடல்கள் ஆகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கையில் அது கீர்த்தனையும் விருத்தமும் சிந்தும் கண்ணியுமாக, இரவு முழுவதும் பாடிக் கேட்கத்தக்க பெருங்கதையாகிவிட்டது. ஓரடி ஒரு நூலாக வளர்ந்திருக்கிறது என்றால் இடையில் வந்தவை யார் சேர்த்தவை, எதற்காகச் சேர்த்தவை? அந்தப் பருவம் முழுவதும் எங்கள் பாடம் இந்தக் கேள்விதான்.

சேக்கிழாரிடம் மூன்று நாள் தங்கினோம். அவர் நந்தனாரை அறிமுகம் செய்வதற்கு முன்னால் ஆதனூரின் வயலைக் காட்டுகிறார். பிறகு வயலோரத்துச் சேரிக்கு நம்மை அழைத்துப் போகிறார். கூரைமேல் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. முற்றத்தில் கோழிக்குஞ்சுகள் சுற்றுகின்றன. கையில் இரும்பு வளையம் அணிந்த சிறுவர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர்கள் அரையில் கட்டிய மணியின் ஒலியில் குட்டிகளின் மெல்லிய குரைப்பு அமுங்கிப் போகிறது. மருத மர நிழலில் உழத்தி ஒருத்தி தோலை விரித்துக் குழந்தையை உறங்க வைக்கிறாள். வஞ்சி மரத்தடியில் புதைத்த பானைக்குள் கோழி அடைகாக்கிறது. மாமரக் கிளையில் பறைகள் தொங்குகின்றன. தென்னை மரத்தடிப் பள்ளத்தில் ஈன்ற நாய் படுத்திருக்கிறது.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு மாணவியரிடம், "ஐயோ பாவம் என்று கவிஞர் எங்கேனும் சொல்கிறாரா?" என்று கேட்டேன். தேடினார்கள். கிடைக்கவில்லை. அமைச்சர் பதவியில் இருந்த வேளாண் குலத்துப் பெரும்புலவர் ஒருவர் சேரியில் நின்று, மரத்துக்கு ஒரு பொருளாக எண்ணிச் சொல்கிறார். கண்ணால் கண்டவர் சொல்வது போல இருக்கிறது. அவர் காலத்து மேல்குலத்தாருக்கு உரிய பார்வை அவரிடமும் இல்லாமல் இல்லை; சில சொற்களில் அது தெரியத்தான் செய்கிறது. ஆயினும் நாய்க்குட்டியின் குரைப்பு மணியோசையில் அமுங்குவதைக் கேட்ட காது பெரிய காதுதான்.

அன்றைய கட்டுரை, 'என் தெரு'. 'அழகிய', 'இனிய', 'பசுமையான' ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை. கண்ணால் பார்த்த பத்துப் பொருள், காதால் கேட்ட ஒரு ஒலி இருக்க வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். மறுநாள் வந்த நோட்டுகளில் ரேஷன் கடை வாசலில் வரிசைக்கு வைத்த செங்கல் இருந்தது. வெளிநாடு சென்ற அப்பா வாங்கி அனுப்பிய, பிரிக்கப்படாத மிக்ஸி இருந்தது. கோயில் மணிக்கும் மாதா கோயில் மணிக்கும் இடையில் சரியாக ஏழு நிமிடம் இருக்கும் என்று ஒருத்தி அளந்து எழுதியிருந்தாள். நான் பதினெட்டு ஆண்டுகளாகத் திருத்தும் நோட்டுகளில் இத்தனை பொருள்களைக் கண்டதில்லை.

பிறகு கீர்த்தனைக்கு வந்தோம். கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். திருமணம் செய்துகொள்ளாமல் இசையும் யோகமுமாகக் காலம் கழித்தவர். இந்நூல் 1860-களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் உதவியால் அச்சாயிற்று. கதாகாலட்சேபத்தில் பாடுவதற்கு ஏற்றது. பிற்காலத்தில் நாடக மேடையும் சினிமாவும் இதை எடுத்துக்கொண்டன. பாரதியார் வேறு, நம் சுப்பிரமணிய பாரதியார் வேறு என்பதை முதல் வரிசையில் இருக்கும் இருவருக்காக இங்கே மறுபடியும் எழுதி வைக்கிறேன்.

இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் இருந்து அதில் இல்லாதவர் யார்?" என்று தேடச் சொன்னேன். பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்: வேதியர். நந்தனை அடிமை கொண்ட பண்ணையார். கீர்த்தனையில் பாதிக் கதையை அவர்தாம் நடத்துகிறார். சிதம்பரம் போக நந்தன் விடை கேட்கிறான். அவர் மறுக்கிறார், ஏசுகிறார். கடைசியில் நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரே இரவில் இறைவன் அருளால் வேலை முடிந்து கிடக்க, அவர் நந்தன் காலில் விழுகிறார். பெரியபுராணத்தில் இந்த ஆள் இல்லவே இல்லை. அங்கே நந்தனார் எவருக்கும் அடிமையல்லர். ஊர்ப் பறைத் தொழிலுக்காக விட்ட நிலத்தில் வரும் உணவை உண்டு, கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துத் தொண்டு செய்கிறார்.

அப்படியானால் 'நாளை' என்பதற்குப் பொருள் மாறிவிடுகிறது அல்லவா? சேக்கிழாரின் நந்தனார், இந்தப் பிறவியோடு அங்கே போவது தகுமா என்று தாமே தயங்கி 'நாளை' என்கிறார். கீர்த்தனையின் நந்தனோ போகத் துடிக்கிறான், இன்னொருவர் விடவில்லை, அதனால் நாளை. ஒரு காரணத்தை மாற்றினால் கதையில் எதிரி தோன்றுகிறான், உரையாடல் தோன்றுகிறது, நாடகம் தோன்றுகிறது. கட்டுரை எழுதும் பெண் 'ஏனெனில்' என்ற சொல்லை எவ்வளவு பயந்து போட வேண்டும் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பண்ணையார் எங்கிருந்து வந்தார்? நாயன்மார் காலத்திலிருந்து வரவில்லை. பாரதியார் வாழ்ந்த தஞ்சைச் சீமையிலிருந்து வந்தார். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று ஆங்கிலேய அரசு 1843-இல் சட்டம் செய்தது. அதற்கு இருபது ஆண்டுகள் நிறையும் முன்னரே இந்நூல் அச்சாகிறது. சட்டம் காகிதத்தில் இருந்தது; பண்ணையாள் வயலில் இருந்தான். தஞ்சாவூர்ப் பண்ணையாள்களுக்கென்று பாதுகாப்புச் சட்டம் ஒன்று வர 1952 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆக, பழைய அடியார் ஒருவரின் சரித்திரம் என்று எடுத்துக்கொண்ட நூல், எழுதியவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து கண்ட சரித்திரத்தையும் சொல்லிவிட்டது. பாரதியார் ஓர் அந்தணர். அவரை ஆதரித்தவர்களும் நிலமுடையவர்கள். அவர்கள் நடுவே உட்கார்ந்துகொண்டுதான் இந்தப் பாத்திரத்தைப் பாடினார் என்பதை மாணவியர் கவனிக்க வேண்டும்.

கணக்கு ஆசிரியையும் இங்கே உதவிக்கு வந்தார். இருபது மா ஒரு வேலி. எங்கள் பக்கத்தில் மூன்று மா ஓர் ஏக்கர். நாற்பது வேலி என்றால் ஏறத்தாழ 266 ஏக்கர். நம் பள்ளி வளாகம் நான்கு ஏக்கர் என்றதும் வகுப்பு சற்று அமைதியாகிவிட்டது. அறுபத்தாறு பள்ளிக்கூடங்களை ஒருவன் ஒரே நாளில் வேலை முடித்துவிட்டுப் போக வேண்டும்.

உரையாடல் எழுதும் பயிற்சியில் ஒரு வேடிக்கை நடந்தது. நந்தன் பண்ணையாரிடம் விடை கேட்கும் காட்சியை உரைநடையில் எழுதச் சொன்னேன். ஒருத்தியின் நந்தன் "சார், எனக்கு இரண்டு நாள் லீவு வேண்டும்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு சிலர் 'ஐயா' என்று எழுதினார்கள். முன்னே மூன்று வரி எழுதிய அதே பின் வரிசைப் பெண் எழுந்து, "எங்க தாத்தா 'ஆண்டே'ன்னுதான் கூப்பிடுவாங்களாம் டீச்சர். துண்டை இடுப்பிலே கட்டிக்கிட்டு, தள்ளி நின்னு" என்றாள். சிரிப்பு நின்றது. அந்தச் சொல்லைப் பாதிப் பேர் அதற்குமுன் கேட்டதில்லை. மீதிப் பேர் வேறு பக்கத்திலிருந்து கேட்டிருப்பார்கள். இருவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் எழுதிய உரையாடல்களில் நந்தனின் வாக்கியங்கள் நீண்டும், பண்ணையாரின் விடைகள் ஒரு சொல், இரண்டு சொல்லாகக் குறுகியும் வந்ததைக் கண்டேன். கெஞ்சுகிறவன்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. இதை நான் கற்பிக்கவில்லை. கீர்த்தனையில் பாட்டெல்லாம் நந்தன் பக்கம் குவிந்து கிடப்பதைக் கேட்டு அவர்களே பிடித்துக்கொண்டார்கள். பாடல்களை நம் இசை ஆசிரியை வகுப்பிலேயே பாடிக் காட்டினார். படித்தபோது நீளமாகத் தோன்றிய இடங்கள் பாடியபோது நீளமாகத் தோன்றவில்லை. பாட்டில் ஒரே கெஞ்சலைப் பல்லவிக்குத் திரும்பித் திரும்பிச் சொல்லலாம். உரைநடையில் அப்படிச் சொன்னால் சலிக்கும். அங்கே ஒவ்வொரு முறையும் புதிய காரணம் வேண்டும். சேரிப் பெரியவர்கள் நந்தனைத் தடுத்து, நம் சாமிகளை விட்டுப் போகலாமா என்று வாதாடும் பகுதி மாணவியருக்கு மிகவும் பிடித்தது. அதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடத்தினார்கள். அதைப் பற்றி எழுதினால் மலரின் பக்கம் போதாது.

இனி, எனக்கே பாடமாக அமைந்ததைச் சொல்கிறேன்.

பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போன கதையை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பிள்ளையவர்கள் அக்காலத்துப் பெரும்புலவர், சாமிநாதையரின் ஆசிரியர். அவருக்கு இந்நூல் பிடிக்கவில்லை. இலக்கணப் பிழைகள் இருந்தன. பெரியபுராணத்தில் இல்லாத பண்ணையாரைக் கொண்டுவந்து சேர்த்ததும் பொறுக்கவில்லை. பாரதியார் பலமுறை போயும் பாயிரம் கிடைக்கவில்லை. ஒருநாள் போனபோது பிள்ளையவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார். பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்தார். உள்ளே விழித்துக்கொண்ட பிள்ளையவர்கள் அப்படியே கேட்டிருந்து, உருகிக் கண்ணீர் விட்டு, வெளியே வந்து பாயிரம் எழுதிக் கொடுத்தார்.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் தடுமாறினேன். என் மேசையிலேயே ஒரு நோட்டு இருந்தது. முந்தின வாரம் 'நந்தனின் இறுதி நாள்' என்ற தலைப்பில் எழுதச் சொல்லியிருந்தேன். கதை உங்களுக்குத் தெரியும். இறைவன் கனவில் தோன்றி நெருப்பில் மூழ்கி வா என்கிறான். தில்லைவாழ் அந்தணர்க்கும் அவ்வாறே அறிவிக்கிறான். அவர்கள் தீ அமைக்கிறார்கள். நந்தனார் அதில் இறங்கிப் பூணூல் அணிந்த முனிவராய் எழுந்து, கோயிலுக்குள் சென்று மறைகிறார். சேக்கிழாரும் பாரதியாரும் இவ்விடத்தில் ஒன்றுபடுகிறார்கள். அந்தப் பெண்ணின் கட்டுரையில் நந்தன் நெருப்பின் முன்னால் நிற்கிறான். சுற்றி நிற்பவர்களைப் பார்க்கிறான். "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறான். அங்கேயே கட்டுரை முடிந்துவிட்டது.

நான் சிவப்பு மையால் 'கதை முடிவு தவறு. எழுத்துப்பிழை 11' என்று எழுதிப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தேன்.

அன்று மாலை அவளைக் கூப்பிட்டேன். எழுத்துப்பிழை பதினொன்றும் பிழைதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுதி வரச் சொன்னேன். முடிவைப் பற்றி மட்டும், "ஏன் இப்படி மாற்றினாய்?" என்று கேட்டேன். அவள் நேராக விடை சொல்லவில்லை. "அவர் மேல என்ன அழுக்கு டீச்சர், நெருப்பிலே கழுவ?" என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, தன் ஆத்தாள் கீழ்வெண்மணிக்குப் பக்கத்து ஊர் என்றாள். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, நாம் எல்லோரும் கிறிஸ்து பிறப்பு விழாவில் இருந்த இரவு, கூலி உயர்வு கேட்ட உழவர் குடும்பத்தாரில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்ட ஊர் அது. அவள் வீட்டில் நெருப்பு என்ற சொல்லைப் புண்ணியத்தோடு சேர்த்துச் சொல்லும் வழக்கமில்லையாம்.

அவளுடைய முடிவைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக, நன்று என்று சொல்லி விட்டுவிடவும் மனமில்லை. பாரதியார் மேல் எனக்குள்ள ஒரு குறை, தாம் சேர்த்ததைச் சேர்த்தேன் என்று அவர் சொல்லாததுதான். அதனால் இன்றும் பலர் பண்ணையார் பெரியபுராணத்தில் இருக்கிறார் என்றே எண்ணியிருக்கிறார்கள். ஆகவே அவளிடம், "மாற்றலாம். ஆனால் மாற்றினேன் என்று எழுது. இரண்டு நூலும் என்ன சொல்கின்றன, நீ எங்கே விலகுகிறாய், ஏன் விலகுகிறாய், ஒரு பக்கத்தில் எழுதி வா" என்றேன். இந்தக் கதையை மாற்றியவர் அவள் ஒருத்தி அல்லள் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' என்று ஒரு சிறுகதை எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' என்ற நாடகத்தில் அந்த நெருப்பையே மனிதர் செய்த சூழ்ச்சியாகக் காட்டினார். இரண்டையும் நம் நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து வந்த பக்கம் அவள் அனுமதியோடு இம்மலரில் வேறிடத்தில் வெளியாகிறது. ஆகையால் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. எழுத்துப்பிழை இரண்டு.

வகுப்பில் அதைப் படித்தபோது கருத்து வேறுபாடு எழுந்தது; எழ வேண்டியதுதான். ஒரு மாணவி எழுந்து, நெருப்பு என்பது இறைவன் கட்டளை, அதை அடியார் மகிழ்ந்து ஏற்றார், அவருக்கு இல்லாத கோபத்தை நாம் அவர் மேல் ஏற்றுவது அவரை இன்னொரு முறை அடக்குவதாகாதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. நூலில் உள்ள நந்தனார் எவ்விடத்திலும் இறைவனைக் குறை கூறுவதில்லை என்பது உண்மை. வேறொருத்தி, கட்டளை இறைவனுடையது என்றால் அதைத் தில்லை அந்தணர்க்கு ஏன் கனவில் சொன்னான், உள்ளே விடுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே, திருப்புன்கூரில் நந்தியை விலகச் சொன்னவன்தானே என்றாள். இதற்கு விடை சொல்லாமல் மணி அடித்துவிட்டது. அந்த மணிக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஆண்டு விழாவில் இதையே இசை நாடகமாகப் போடுவது என்று முடிவானபோதுதான் பெற்றோரின் கேள்வி வந்தது. தலைமைச் சகோதரி அவர்கள் அவர்களைத் தம் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். நம் கோயில்களிலும் சுவர் இருந்ததே, வடக்கன்குளத்தில் திருப்பலி காண வந்தவர்களைச் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நின்றதே, வெளியே நின்ற ஒருவரின் கதையை நம் பிள்ளைகள் பாடினால் நமக்குக் குறையா என்று கேட்டார்களாம். சிலர் மனம் மாறினார்கள், ஒருவர் மாறவில்லை, தம் மகளை நாடகத்திலிருந்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் திரைக்குப் பின்னால் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

நந்தனாக நடிக்கப் பெண்கள் தயங்கினார்கள். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள் அம்மையார் என்றும், வேதியராக நடித்தவர் பெரும் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் என்றும் சொன்னேன். தயக்கம் போய்ப் போட்டி வந்துவிட்டது. 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்த படத்தின் பாட்டுகளைக் கைப்பேசியில் கேட்டுக் கேட்டு, ஒரு மாதம் விடுதியில் வேறு பாட்டே இல்லை என்று விடுதிச் சகோதரி குறைபட்டுக்கொண்டார்கள்.

மேடையில் பாரதியாரின் முடிவையே வைத்தோம். நூல் அவருடையது, அதை மாற்றி அவர் பெயரில் போடுவது முறையல்ல. ஆனால் தீக்காட்சிக்கு முன் திரை விழுந்தது. பின் வரிசைப் பெண் திரைக்கு முன்னால் தனியாக வந்து நின்று தன் பக்கத்தைப் படித்தாள். ஒலிபெருக்கி இரண்டு முறை கரகரத்தது. அவள் நிறுத்திவிட்டுக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மூன்றாவது வரிசையில் அவள் தாத்தா, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குக் கொடுத்த மூன்று மதிப்பெண்ணை அடித்து ஏழு என்று திருத்தினேன். பத்து ஏன் இல்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த ஆண்டு இவ்வகுப்புக்கு வரும் மாணவியருக்குக் கோடை விடுமுறைப் பயிற்சி ஒன்று. இரண்டு நூல்களிலும் நந்தனைப் பெற்ற தாய் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மகன் விடியலில் தில்லைக்குப் புறப்படுகிறான். அவள் வாசலில் நிற்கிறாள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, பள்ளி திறக்கும் நாளில் கொண்டு வரவும்.